கடவுச்சீட்டுக்குரிய முகப்படம்



நாம் வாழ்நாளில் எடுத்துக்கொள்ளும் புகைப்படங்கள் பலவகைப்பட்டன. கலியாணப் படம் உண்டு. பிள்ளையின் முதலாம் பிறந்தநாட் படம் உண்டு. பெண்பார்க்கும் வீட்டாருக்கு அனுப்பும் படமும் உண்டு. இவை யாவும் நம்மை அழகாகக் காட்டவேண்டும் என்னும் நோக்கமுடையவை. கடவுச்சீட்டுக்குரிய படம் மட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது நம்மை அழகாகக் காட்ட வேண்டியதில்லை. நம்மை நாமாகவே காட்டினாற் போதும். இந்த வேற்றுமையை உணராமையினாலேயே பலர் வீண் செலவுக்கும் அலைச்சலுக்கும் ஆளாகின்றனர். மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்த ஒருவரின் படம் ஏற்கப்படாவிடின், அவர் இழப்பது படத்தின் விலையை மட்டுமன்று. ஒரு நாட் கூலியை, பயணச் செலவை, சில வேளைகளில் வெளிநாட்டில் அவருக்காகக் காத்திருக்கும் வேலையையே இழக்கிறார். ஆகவே இப்படத்தை எங்கே எடுப்பது, எவ்வாறு எடுப்பது என்பதை இன்று சிறிது விரிவாக நோக்குவோம்.

கடவுச்சீட்டில் முகப்படம் ஒட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. முதலாம் உலகப் போருக்கு முன்னர், கடவுச்சீட்டிற் பொதுவாகப் படம் இருப்பதில்லை. ஆளின் உயரம், நெற்றி, மூக்கு, கண்ணின் நிறம் முதலியனவற்றைச் சொற்களாற் குறிக்கும் வழக்கமே இருந்தது. 'நடுத்தர மூக்கு' என்று எழுதினால் அது ஆயிரம் பேருக்குப் பொருந்துமன்றோ? 1914ஆம் ஆண்டிலே கார்ல் லோடி என்னும் ஜெர்மானிய ஒற்றர், அமெரிக்கர் ஒருவரின் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அவர் பெயரிலேயே பிரித்தானியாவுக்குட் புகுந்தார். அவர் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் கோபுரத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்காவும், 1915இல் பிரித்தானியாவும் கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டுமென விதித்தன. அக்காலப் படங்களைப் பார்த்தால் நமக்கு வியப்புத் தோன்றும். தொப்பி அணிந்தவாறும், பூந்தோட்டத்தில் நின்றவாறும், மனைவி மக்கள் சூழ அமர்ந்தவாறும் மக்கள் காட்சியளித்தனர். 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸ் நகரிற் கூட்டிய மாநாட்டின் பின்னரே கடவுச்சீட்டு நாட்டுக்கு நாடு ஒத்த வடிவம் பெறத் தொடங்கிற்று.

இன்று இவ்விடயத்தில் உலகுக்கு வழிகாட்டுவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமாகும். அது வெளியிடும் 9303 என்னும் இலக்கமுடைய ஆவணம் கடவுச்சீட்டின் அமைப்பையும் முகப்படத்தின் இலக்கணத்தையும் வகுத்துரைக்கின்றது. விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது உத்தியோகத்தரின் கண் மட்டுமன்றி, இயந்திரத்தின் கண்ணும் நம் முகத்தை ஒப்பிடுகின்றது. இயந்திரம் நம் மூக்கின் அழகை இரசிப்பதில்லை. முகத்தின் உறுப்புகள் அமைந்திருக்கும் முறையையும் அவற்றுக்கிடையேயுள்ள விகிதங்களையும் கணிக்கின்றது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், விதிகள் ஒவ்வொன்றின் காரணமும் தெளிவாகும்.

முதலாவது, பார்வை. முகம் நேராகக் கமராவை நோக்கவேண்டும். நம் ஊர்ப் படப்பிடிப்பாளர் பலருக்குத் தலையைச் சற்றே சரிக்கச் சொல்வது கைவந்த பழக்கம். கலியாணப் படத்துக்கு அது பொருந்தும்; இங்கே பொருந்தாது. தலை சரிந்தால் விகிதங்கள் மாறும். இரண்டாவது, பாவனை. வாய் மூடியிருக்க வேண்டும். கண்கள் இயல்பாகத் திறந்திருக்க வேண்டும். புன்னகை தவறான செயலன்று. ஆயினும் சிரிக்கும்போது கன்னங்கள் உயர்ந்து, கண்கள் சுருங்கி, உதடுகள் விரிகின்றன. களைப்புடன் குடிவரவுப் பீடத்தின் முன் நிற்கும் முகம் அதுவன்று. ஆனால் கோபமாக முறைக்கவும் வேண்டியதில்லை. மூச்சை மெல்ல விட்டு, உடலைத் தளர்த்தி அமர்ந்தாற் போதுமானது.

மூன்றாவது, அளவு. பொதுவாக வழங்குவது 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட படம். அவ்வுயரத்தில் நாடி முதல் உச்சி வரை முகம் 70 முதல் 80 வீதத்தை நிரப்பவேண்டும். முகத்தைப் பெரிதாக்குவதற்காகக் கமராவை மிக அருகிற் கொண்டுவருவது பிழை. அவ்வாறு எடுத்தால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்வாங்கித் தோன்றும். கைத்தொலைபேசியைக் கைநீட்டி எடுக்கும் படங்கள் பயன்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, ஒளி. இதுபற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். பின்திரை வெளிர்நிறமாகவும் கோலமற்றதாகவும் இருக்க, கறுத்த மேனியர் ஒருவர் அதன் முன் அமர்ந்தால், பின்திரையின் வெளிச்சத்துக்கேற்பக் கமரா தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகமோ இருண்டுவிடும். இதற்குப் பரிகாரம் முகத்தின் இருபுறமும் சமமான, மென்மையான ஒளியைச் செலுத்துவதாகும். ஆனால் நடப்பது யாது? ஒளியைத் திருத்துவதற்குப் பதிலாகப் படத்தைத் திருத்துகிறார்கள். முன்னாளில் நெகடிவ்வின்மீது பென்சிலாற் செய்த ஒப்பனையை இன்று கணினி ஒரு நொடியிற் செய்துவிடுகிறது. கறுத்தவர் சிவக்கிறார், தழும்பு மறைகிறது, மச்சம் நீங்குகிறது. கேளாமலே செய்யப்படும் இந்த 'உபகாரம்' பெரும் தீங்காக முடியலாம். கடவுச்சீட்டில் ஒரு நிறமும் நேரில் வேறொரு நிறமுமாக நிற்பவரிடம் வேற்று நாட்டு உத்தியோகத்தர் ஐயங்கொள்வாரானால், அதற்கு விடையளிக்க வேண்டியவர் பயணியேயன்றிப் படப்பிடிப்பாளரல்லர். ஆகவே, 'என் முகத்தை வெளுப்பாக்க வேண்டாம். உள்ளபடியே இருக்கட்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

உடையைப் பொறுத்தவரை, பின்திரையோடு கலந்துபோகாத நிறமுடைய ஆடை நன்று. தலைமயிர் கண்ணையும் புருவத்தையும் மறைத்தலாகாது. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிடுதலே பாதுகாப்பு. வில்லையில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கண் மறையும். சமய வழக்கப்படி தலையை மூடுவோர் நாடியின் அடியிலிருந்து நெற்றியின் மேல்வரையும், முகத்தின் இரு ஓரங்களும் தெரியுமாறு துணியை ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும். கைக்குழந்தையானால் படத்தில் அது தனித்தே இருக்கவேண்டும். தாங்கும் தாயின் கையோ விளையாட்டுப் பொருளோ தெரிதலாகாது. குழந்தைக்குப் பசியாற்றி, உறக்கம் தெளிந்த வேளையில், வெளிர்நிறத் துணியிற் கிடத்தி மேலிருந்து எடுத்தால் வேலை எளிதாகும்.

இனி, எங்கே எடுப்பது என்னும் வினாவுக்கு வருவோம். இலங்கையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் படப்பிடிப்பு நிலையங்கள் சிலவற்றுக்கு அங்கீகாரம் அளித்துள்ளது. அந்நிலையங்கள் படத்தை எடுத்து, மின்னஞ்சற் கம்பிவழிபோல நேரே திணைக்களத்தின் கணினிக்கு அனுப்புகின்றன. விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது ஒரு சீட்டு. அதை விண்ணப்பத்துடன் சமர்ப்பித்தல் வேண்டும். ஆகவே அச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; பணம் கொடுத்து வெளியேறுமுன் அதிலுள்ள பெயரும் இலக்கமும் சரியாவென்று வாசித்துப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலைத் திணைக்களத்தின் இணையத்தளத்திற் காணலாம். கடையின் வாயிலிலே தொங்கும் பலகையை மாத்திரம் நம்பாமல் அப்பட்டியலைப் பார்த்தல் நலம்.

படத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் ஆகாதா எனச் சிலர் கேட்பர். இருவர் முகங்களைக் கணினியிற் கலந்து ஒரே முகமாக்கினால், அப்படம் இருவருக்கும் பொருந்துவதாக இயந்திரம் ஏமாறக்கூடும் என்பதை 2014இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். ஒரே கடவுச்சீட்டில் இருவர் பயணஞ்செய்ய அது வழிதிறக்கும். கையிற் கொண்டுவரும் படத்தைப் பல நாடுகள் ஐயத்துடன் நோக்குவதற்கு இது முக்கிய காரணம். ஜெர்மனியும் 2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் அச்சுப் படத்தை விலக்கி, பாதுகாப்பான வழியில் வரும் மின்படத்தையே ஏற்கின்றது.

இன்னுமொரு செய்தி. கடவுச்சீட்டுக்கு எடுத்த படமே எல்லா விசாவுக்கும் உதவும் என்று எண்ணிவிடலாகாது. இந்திய விசாவுக்கும் அமெரிக்க விசாவுக்கும் இரண்டங்குலச் சதுரப் படம் வேண்டும். அமெரிக்கா 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படத்தை ஏற்பதில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்குரிய படம் 50 மில்லிமீற்றர் அகலமும் 70 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. எந்த நாட்டுக்கு, எந்தத் தேவைக்கு என்பதைச் சொல்லியே படம் எடுக்கவேண்டும். பழைய படமும் உதவாது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருத்தல் பொதுவிதி.

நேயர்களே, படம் எடுத்து முடிந்ததும் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். கணினித் திரையில் அதை ஒருமுறை பாருங்கள். கண்கள் திறந்துள்ளனவா, கன்னத்தில் நிழல் விழுந்துள்ளதா, நிறம் உங்கள் நிறந்தானா என்று கவனியுங்கள். குறை இருப்பின் அங்கேயே மீண்டும் எடுக்கச் சொல்வது உங்கள் உரிமை. பத்து ஆண்டு வரை உங்களுடன் நாடு நாடாக வரப்போகும் படம் அது. அறியாத ஊரில், அறியாத மொழி பேசும் ஒருவரிடம் 'இவர் இன்னார்' என்று உங்களுக்காகச் சாட்சி சொல்லப்போவதும் அதுவே. சாட்சி உண்மை பேசட்டும்.