பாயைக் கெடுப்பது காற்றா, வெயிலா?

பாய்மரப் படகின் பாயைச் சீக்கிரம் கெடுப்பது எது என்று வகுப்பில் கேட்டால், "காற்றுதான், டீச்சர்!" என்று உடனே பதில் வரும். காற்றைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது பாய். பினாங்குக் கடலில் அதற்குப் பெரிய எதிரி வெயில்.

தஞ்சோங் தொக்கோங் படகுத்துறைப் பக்கம் போனால் கவனித்துப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் சிறு படகுகளில் முன்பாயைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். பாய் வெள்ளை, சுருளின் வெளிப்பக்கம் மட்டும் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். அது அழகுக்காகத் தைத்த கரை அன்று. வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் பாயைக் காப்பாற்றும் கவசத் துணி. கெட்டுப்போனால் அதை மட்டும் பிரித்து மாற்றிவிடலாம்.

இன்றைய பாய்களில் பெரும்பாலானவை 'டேக்ரான்' எனப்படும் பாலியெஸ்டர் துணியால் ஆனவை. உங்கள் விளையாட்டுச் சட்டையும் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். நெசவும் மேல்பூச்சும்தான் வேறு. பாலியெஸ்டர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெயிலில் உள்ள புறவூதாக் கதிர் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அறுந்தது மீண்டும் ஒட்டாது. பார்வைக்குப் பாய் நன்றாகவே இருக்கும். ஒருநாள் காகிதம்போலக் கிழியும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் உழைக்கும் பாய், இங்கே மூடாமல் விட்டால் அத்தனை நாள் தாங்காது.

முதலில் கெடுவது துணிகூட இல்லை, தையல் நூல். நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு வெயிலில் காய்கிறது. அதனால் பழைய பாயை வாங்குபவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். தையலை விரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். நூல் பொடிந்து வந்தால் மறுதையல் போட வேண்டும். சிலர் ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே பொருளான பி.டி.எஃப்.இ. நூலால் தைக்கிறார்கள். புறவூதாக் கதிர் அதை அசைப்பதில்லை. விலைதான் அதிகம்!

"இயந்திரம் இருக்கிறதே, பாய் கிழிந்தால் என்ன?" என்று கேட்கலாம். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29இல் திரும்பினார்கள். அந்த எட்டு மாதங்களில் இடையிடையே துறைமுகங்களில் தங்கிய நாள்கள் போக, அவர்களை நகர்த்தியது காற்று மட்டுமே. நடுக்கடலில் பாய் தைக்கும் கடை கிடையாது. கரையில் பார்க்காமல் விட்ட ஒரு தளர்ந்த தையல் அங்கே எத்தனை பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது? தமிழில் படுக்கும் பாய்க்கும் படகின் பாய்க்கும் ஒரே சொல். பொருத்தம்தான், இந்த வட்டாரத்துப் பழைய படகுகளில் மெங்குவாங் ஓலையில் முடைந்த பாய்கள் உண்மையிலேயே பறந்தன. பருத்திப் பாய் வந்தபோது அது ஈரத்தில் மக்கியது. சதுப்புநில மரப்பட்டைச் சாற்றில் ஊற வைத்துக் காத்தார்கள். பட்டையிலுள்ள டேனின் பூஞ்சணத்தைத் தடுத்தது. 1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பருத்தி மெல்ல ஒதுங்கியது.

கைக்குட்டையை எடுத்து நூல் ஓடும் திசையில் இழுங்கள். அவ்வளவாக நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் தாராளமாக நீளும். பாயை ஒரே துணியாக வெட்டாமல் பட்டை பட்டையாக இணைப்பதற்கு இதுதான் காரணம். காற்றின் இழுப்பு விழும் திசையில் நூல் ஓட வேண்டும். நீண்டு தொங்கிய பாய் படகைச் சாய்க்குமே தவிர, முன்னே தள்ளாது. நீளாத மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்யும் அடுக்குப் பாய்கள் போட்டிப் படகுகளுக்கு நல்லவை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அடுக்குகள் பிரிந்து நடுவில் பூஞ்சணம் பிடித்துவிடும். உல்லாசமாகப் பயணம் செய்யும் சிறு படகுக்கு நெய்த டேக்ரானே போதும் என்பது என் கருத்து.

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 10 சதுர மீட்டர் பாயில், வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ 150 நியூட்டன் விசை தரும். வேகம் 10 மீட்டரானால் 600 நியூட்டன்! அதிகாலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் 'சுமத்ரா' சூறைக்காற்று இப்படித்தான் திடீரென்று ஏறும். அதற்கு முன்பே பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைத்துவிட வேண்டும். பாயைச் சும்மா படபடக்க விடுவதும் கூடாது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவதுபோல இழைகளும் ஒடியும்.

இனி, கழுவுதல். உப்பு ஒட்டிய பாய் காயவே காயாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பினாங்கில் பல இரவுகளில் ஈரப்பதம் அதைவிட அதிகம். ஈரம் இருந்தால் பூஞ்சணம் வரும். எனவே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பிறகுதான் மடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடிக்கக் கூடாது. அழுக்குக்கு மென்மையான சவர்க்காரமும் மென்தூரிகையும் போதும். சலவை இயந்திரம் வேண்டவே வேண்டாம். துணியை விறைப்பாக வைத்திருக்கும் பிசின் பூச்சு உடைந்துவிடும்.

பூஞ்சணக் கறைக்கு நீர்த்த குளோரின் வெளுப்பானைப் பாலியெஸ்டரில் பயன்படுத்தி நன்றாக அலசலாம். ஆனால் பலூன்போல விரியும் ஸ்பினேக்கர் பாய் நைலான். வெளுப்பான் நைலானை அரித்துவிடும். துருக்கறைக்கு நீர்த்த ஆக்சாலிக் அமிலம் பயன்படும். கையுறையோடு, பெரியவர் முன்னிலையில்தான். அமிலத்தையும் வெளுப்பானையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

படகு இல்லையே என்கிறீர்களா? ஒரே கட்டையிலிருந்து பாலியெஸ்டர் தையல் நூலில் பத்துத் துண்டுகள் வெட்டுங்கள். ஐந்தை வெயிலில் கட்டுங்கள், ஐந்தை அலமாரிக்குள் வையுங்கள். மூன்று மாதம் கழித்து, ஒவ்வொன்றிலும் சிறு வாளியைத் தொங்கவிட்டு, நூல் அறும்வரை மணல் போட்டு நிறுத்துப் பாருங்கள். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, எவற்றை மாறாமல் வைத்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மழை விழாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் நூலைக் கெடுத்தது வெயிலா மழையா என்று சொல்ல முடியாது.