ஓய்வுநாளும் மின்விளக்கும்

சமயம் என்பது வழிபாட்டுக் கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதன்று. உண்பது, உடுப்பது, உழைப்பது, ஓய்வது ஆகிய அனைத்திலும் அது ஊடுருவி நிற்கும்போதுதான் வாழ்க்கைநெறி என்னும் பெயரைப் பெறுகின்றது. யூத சமயத்தவரின் அன்றாட வாழ்விலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். பழமையான விதிகள் இக்கால நகர வாழ்க்கையோடு எங்கே மோதுகின்றன, எவ்வாறு இணங்குகின்றன என்பதை அறிய, அவர்கள் 'சபாத்' என வழங்கும் வார ஓய்வுநாள் ஒன்றை எடுத்துக்கொண்டாற் போதும்.

சபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னர் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீடிக்கும். இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தான் என்பது அதற்கு வேதம் கூறும் ஒரு காரணம். எகிப்திலே அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர் விடுதலை பெற்றனர் என்பது மற்றொன்று. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. தன் வேலையைத் தானே நிறுத்தி வைக்க வல்லவனே சுதந்திரன் என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது.

ஆயின், ஓய்வு என்பது யாது? கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் சட்டநூல் 39 வகைத் தொழில்களை அந்நாளுக்கு விலக்குகின்றது. உழுதல், விதைத்தல், மாவு பிசைதல், நெய்தல், எழுதுதல், கிழித்தல், கட்டுதல், தீ மூட்டுதல், தீயை அணைத்தல் முதலியன அவற்றுட் சில. இங்கு விலக்கப்படுவது உடல் வருத்தம் அன்று. உலகை மாற்றியமைக்கும் ஆக்கச் செயலே விலக்கப்படுகின்றது. கனமான மேசையை வீட்டினுள் நகர்த்தலாம். கடதாசியில் இரண்டு எழுத்து எழுதலாகாது.

மின்சாரம் வீடுகளுக்குள் வந்தபோது இப்பழைய விதி புதிய வினாவைச் சந்தித்தது. மின் ஆளியை அழுத்துவது தீ மூட்டுவதாகுமா? சூடேறி ஒளிரும் உலோக இழை நெருப்பே என்று 'ரபி' எனப்படும் மறையாசிரியர் பலர் கருதினர். ரபி அவ்ரகாம் யெசாயா கரெலிட்ஸ் (1878–1953), மின்சுற்றை நிறைவுசெய்வது 'கட்டுதல்' என்னும் தொழிலைச் சாரும் என்றார். எருசலேமில் வாழ்ந்த ரபி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் (1910–1995) அவ்வாதத்தை ஏற்கவில்லை. இழை சூடேறாத கருவிகளுக்கு உள்ள விலக்கு வழக்கத்தால் வந்ததே என்பது அவர் முடிபு. எனினும், நிலைபெற்ற அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை. காரணத்தில் வேறுபட்டோர் நடைமுறையில் ஒன்றுபட்டனர்.

எல்லா யூதரும் இம்முடிபை ஏற்றனர் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவிலுள்ள கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழுவிலே பெரும்பான்மையோர், 1950இல், ஓய்வுநாளில் மின்விளக்கை ஏற்றவும், தொலைவில் வாழ்வோர் தொழுகைக்கூடத்துக்குக் காரிலே செல்லவும் இடமளித்தனர். சீர்திருத்தப் பிரிவினரோ இத்தகையவற்றைப் பெரும்பாலும் தனிமனிதரின் மனச்சான்றுக்கே விட்டனர். பழநெறியாளர் விதியைத் தளர்த்தவில்லை.

அவ்வாறாயின் பழநெறியாளர் இருளிலும் பசியிலும் அந்நாளைக் கழிப்பரோ என்னும் ஐயம் நேயர்களுக்கு எழலாம். அப்படியன்று. வெள்ளிக்கிழமை பகலிலேயே உணவு சமைக்கப்படும். இறைச்சியும் அவரையும் தானியமும் சேர்ந்த கூழ் போன்ற உணவு மெல்லிய சூட்டிலே வைக்கப்பட்டு, மறுநாள் நண்பகல்வரை வெந்துகொண்டிருக்கும். விளக்குகள் குறித்த நேரத்தில் எரியவும் அணையவும் கடிகாரப் பொறி முன்னரே திருத்தி வைக்கப்படும். கதவைத் திறந்தவுடன் ஒளி எரியாதிருக்கும்பொருட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்விளக்குக் கழற்றி வைக்கப்படும். உயர்ந்த மாடிக் கட்டடங்களிலே, எவரும் பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு தளத்திலும் தானாக நின்று செல்லும் மின்தூக்கிகளும் உண்டு. சுருங்கக் கூறின், சனிக்கிழமையின் ஓய்வு வெள்ளிக்கிழமையின் ஆயத்தத்திலே தங்கியுள்ளது. பொழுது சாயுமுன் செய்யாத வேலை செய்யாததாகவே நின்றுவிடும். அது நின்றுவிட்டதே என்று வருந்தாதிருக்கப் பழகுவதும் அந்நெறியின் ஒரு பகுதியாகும்.

இந்நெறிக்கு விலையும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே உடையும் வீட்டுப் பொருளும் விற்ற யூத வணிகர் சிலர், சமய விதிப்படி சனிக்கிழமை கடையை மூடினர். 1959இல் இயற்றப்பட்ட பென்சில்வேனியா மாநிலச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையும் மூடுமாறு கட்டளையிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வருவாய் இழந்தால் தொழில் நிலையாது என அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1961இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சட்டம் அவர்களின் வழிபாட்டைத் தடுக்கவில்லை, அதனைச் செலவு மிக்கதாக ஆக்குகின்றது, அவ்வளவே என்பது பெரும்பான்மை நீதியரசரின் கருத்து. மாறுபட்ட நீதியரசர் போட்டர் ஸ்டூவர்ட்டோ, சமயமா பிழைப்பா என ஒருவனைத் தெரிவுசெய்யுமாறு அரசு வற்புறுத்துவது கொடுமை என்று கருதினார்.

பொதுவாழ்வில் உயர்ந்தோர்க்கும் இச்சிக்கல் நேர்ந்தது. 1989 முதல் 2013 வரை அமெரிக்க மூதவை உறுப்பினராயிருந்த ஜோசப் லீபர்மன் ஓய்வுநாளைக் காத்தவர். சனிக்கிழமையில் முக்கியமான வாக்கெடுப்பு நிகழ்ந்தால், வாகனம் ஏறாது, தொழுகை முடித்துப் பல மைல் தூரம் நடந்தே அவைக்குச் செல்வார். பொதுமக்களின் நலனைப் பேணும் கடமையும் சமயக் கடமையே என்பது அவரது விளக்கம்.

விதிக்கும் ஓர் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து நேரின் ஓய்வுநாள் விதிகள் வழிவிட வேண்டும் என்பது 'தல்மூது' நூலில் நிலைநாட்டப்பட்ட கோட்பாடு. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் காரை ஓட்டலாம், தொலைபேசியில் உதவி கோரலாம் என்பது மட்டுமன்று. அவ்வாறு செய்தலே கடமை. அங்கே தயங்கி நிற்பது பக்தியாகாது.

சனிக்கிழமை இரவு மூன்று விண்மீன்கள் தோன்றியதும் குடும்பத்தார் கூடுவர். திராட்சை இரசக் கிண்ணத்தை நிறைத்து, நறுமணப் பொருள்களை முகர்ந்து, பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுவர். இருபத்தைந்து மணி நேரமாகத் தீயைத் தொடாதிருந்த கைகள் அப்பொழுது மீண்டும் தீயை மூட்டுகின்றன. பின்னர் அச்சுடரை இரசத்திலே தோய்த்து அணைப்பர். அதுவரை ஒலியின்றிக் கிடந்த கைத்தொலைபேசியும் மீண்டும் விழித்துக்கொள்ளும். வந்து குவிந்த செய்திகள் அதில் வரிசையாக நிற்கும். அவையனைத்தும் ஒருநாள் காத்திருந்தன. காத்திருந்ததனால் உலகம் நின்றுவிடவில்லை என்பதை அவ்வீட்டார் வாரந்தோறும் கண்டறிகின்றனர்.