அரியலூரில் ஒரு பழங்கடல்

பெரம்பலூர், அரியலூர் என்ற பெயர்களைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருபவை மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் காடு, சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள், அவற்றையும் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் ஆகியவைதாம். ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தையே புராதனம் என்று போற்றிப் பழகிய நமக்கு, அதே மண்ணில் பத்துக் கோடி வருஷத்துச் சரித்திரம் கல்லாகச் சமைந்து கிடக்கிறதென்றால் எளிதில் நம்பிக்கை பிறப்பதில்லை. அந்தச் சரித்திரத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுவதற்கென்றே அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.

இத்தகைய இடத்துக்கு நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போவதே உசிதம். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றொருவர் கண்ணில் படும், ஒருவர் கேட்கக் கூசும் கேள்வியை இன்னொருவர் கூசாமல் கேட்டுவிடுவார். சுருள் சுருளாக வரியோடிய அம்மோனைட் என்னும் கல்லின் முன்னால் நின்றபோது, எங்களில் பள்ளி ஆசிரியரான ஒருவர், "இது சமுத்திரத்துப் பிராணி என்கிறீர்கள், சமுத்திரம் எங்கே, அரியலூர் எங்கே? இதை இங்கே யார் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டார். அருங்காட்சியகம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு உரிய விடைதான்.

யாரும் கொண்டுவந்து போடவில்லை. சமுத்திரமே இங்கு வந்திருந்தது. கிரெட்டேசியஸ் என்று விஞ்ஞானிகள் வழங்கும் யுகம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டம் பிளந்து, இந்திய நிலப்பகுதி அண்டார்க்டிகாவை விட்டு விலகியதால் கிழக்குக் கரை தாழ்ந்தபோது, கடல் உள்ளே புகுந்து இப்பிரதேசத்தை மூடியது, மீண்டும் பின்வாங்கியது, மறுபடியும் வந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நத்தைகளும், கணவாய்க்கு உறவான அம்மோனைட்டுகளும் அடிமண்ணில் புதைந்து, மேன்மேலும் படிந்த வண்டலின் பாரத்தால் இறுகிக் கல்லாயின. அவற்றின் ஓடுகளிலிருந்த சுண்ணாம்புச் சத்தே அடுக்கடுக்காகச் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகியது. அந்தக் கல்லைத் தேடித்தான் சிமென்ட் ஆலைகள் இங்கே வந்தன. நாம் கட்டும் வீட்டின் சுவரில் அந்தப் பழங்கடலின் ஒரு துளியேனும் கலந்திருக்கக்கூடும் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தச் சம்பத்தை உலகம் அறிந்துகொண்டதும் இன்று நேற்றன்று. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் தென்னாட்டில் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து எழுதினார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று தொகுதிகளாக வகுத்தார். மொராவியா தேசத்திலிருந்து வந்த ஸ்டோலிச்கா அவற்றிலுள்ள உயிரினங்களை விஸ்தாரமாக வர்ணித்து நூல்களாக்கினார். அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது இப்படித்தான்.

வாரணவாசியில் கண்ணாடிக்குள் பார்த்ததை வெட்டவெளியில் பார்க்க விரும்புவோர் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போகவேண்டும். தஞ்சைச் சீமையில் பிறந்து, பிற்காலத்தில் புவியியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியரான எம். எஸ். கிருஷ்ணன், 1940-இல் அங்கே கண்டெடுத்து உலகுக்கு அறிவித்த கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதெனச் சொல்லப்படும் இம்மரம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலோரச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்காமல் கிடக்க, நீரில் கரைந்திருந்த சிலிகா அணு அணுவாக மரத்துக்குள் புகுந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகிய அதன்மேல் யாரும் ஏறி உட்காராதபடி வேலியிட்டிருக்கிறார்கள்.

வேலியில்லாத இடங்களின் கதி வேறு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் வெளிப்பட்ட பிரம்மாண்டமான எலும்புகளுக்கு, 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். மிகப்பெரிய டைனோசர்களுள் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட அப்பிராணியின் எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்தமையால், அதைப் பற்றிய சந்தேகங்களைத் தீர்க்க இன்று வழியில்லை. 2020-இல் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்று ஊரெல்லாம் செய்தி பரவியபோது, அவை கடலடி வண்டல் உருண்டு இறுகிய கற்களே என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். முன்னதில் சாட்சி அழிந்தது. பின்னதில் சாட்சி இருந்தபடியால் உண்மை உடனே தெளிந்தது.

ஆகவே இப்பகுதிக்கு வருவோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சிப்பிக்கல்லின் பெருமை அதன் அழகில் மாத்திரம் இல்லை. எந்த அடுக்கில், எவற்றின் பக்கத்தில் கிடந்தது என்பதிலேதான் அதன் வயதும் வரலாறும் அடங்கியிருக்கின்றன. சுவடியிலிருந்து உருவிய ஒற்றை ஏட்டை மேசையில் அலங்காரமாக வைத்துக்கொள்பவர், அந்த ஏட்டை மட்டுமல்லாமல் சுவடியின் பொருள் தொடர்ச்சியையும் சேர்த்து இழக்கிறார். முதலில் வாரணவாசிக்குச் சென்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு சாத்தனூரையும், காரை என்னும் ஊரில் மழைநீர் அரித்த பள்ளங்களையும் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். படம் எடுங்கள், கல்லை எடுக்காதீர்கள். அபூர்வமாக ஏதேனும் தென்பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள். சுண்ணாம்புக்கல்லை வெட்டத்தான் வேண்டும், அதை நம்பிப் பிழைப்போர் அநேகர். வெட்டும் குழியில் வெளிப்படும் படிவத்தை ஆலைக்குள் அரைபட விடாமல் காப்பது, ஆலையாருக்கும் அரசாங்கத்துக்கும் நமக்கும் பொதுவான கடமை.