முதல் முறை பாங்காக் போறீங்களா? சுற்றிப் பார்க்கவும் ஷாப்பிங் பண்ணவும் ஒரு ஆடிட்டர் கணக்கு

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனதும் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து போடுற முதல் வெளிநாட்டு பிளான், பல பேருக்கு பாங்காக்தான். சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கு, சாப்பாடு மலிவு, ரூமும் கையைக் கடிக்காது. அதனால "அங்க எல்லாமே சீப்பு"ன்னு ஒரு பேச்சு இருக்கு.

அந்தப் பேச்சுதான் பர்ஸைக் காலி பண்ணும். பாங்காக்கில் ஊர் சுத்திப் பார்க்க ஆகும் செலவு உண்மையிலேயே குறைவு. பட்ஜெட் ஓட்டையாகிற இடம் ஷாப்பிங். ஒரு பொருளின் விலைச் சீட்டைப் பார்க்காம, அது நம்ம வீடு வந்து சேரும் விலையைப் பார்க்கணும். வியாபாரத்தில் இதை லேண்டட் காஸ்ட்னு சொல்வோம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்குதான்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: பாத் விலையை 3 ஆல் பெருக்குங்க. மார்க்கெட் ரேட் கொஞ்சம் குறைவா இருந்தாலும், கார்டு கட்டணம், மாற்று கமிஷன் எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிற்கும்.

கிளம்பும் முன்

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் டிஜிட்டல் அரைவல் கார்டு கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிடுங்க. விசா விதிகள் அடிக்கடி மாறுது. டிக்கெட் போடும் முன் தாய்லாந்து தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துடுங்க.

அடுத்து, டிராவல் ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா வாங்கினால் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். முன்பு ₹10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% இருந்ததை, 2026 பட்ஜெட்டில் ஒரே 2% ஆகக் குறைச்சாங்க. இது செலவே இல்லை, உங்க பேரில் கட்டப்பட்ட முன்வரி. ஐடிஆர் போடும்போது கழிச்சுக்கலாம், அதிகமா இருந்தா ரீஃபண்ட் வரும். ஆபீஸில் சொல்லி சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரிக்கட்டவும் 2024 அக்டோபர் முதல் வழி இருக்கு.

ஒரு சிக்கல் மட்டும் கவனிங்க. நாலு நண்பர்களுக்கும் சேர்த்து ஒருத்தர் பணம் கட்டினா, மொத்த டிசிஎஸ்ஸும் அவர் பான் நம்பரில்தான் ஏறும். ஆளுக்கு ஒரு பில் கேளுங்க. ஃபிளைட்டையும் ஹோட்டலையும் தனித்தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜே ஆகாது, இந்த டிசிஎஸ்ஸும் வராது.

பணத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?

மூணு வழியையும் கலந்து வச்சுக்கோங்க: கொஞ்சம் பாத் கேஷ், ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, அவசரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு. தெருவோரக் கடைகளிலும் சந்தைகளிலும் பெரும்பாலும் கேஷ், இல்லைன்னா உள்ளூர் வங்கிக் கணக்கோட இணைந்த க்யூஆர். அதனால கேஷ் இல்லாம சமாளிக்க முடியாது.

ஏடிஎம் விஷயத்தில் உஷார். வெளிநாட்டு கார்டுக்கு அங்கே ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் கட்டணம். 2,000 பாத் எடுத்தா அதில் 11% போச்சு. அதையே 10,000 பாத்தா ஒரே தடவையில் எடுத்தா 2.2% தான். எடுக்கணும்னா ஒரே முறையில் எடுங்க.

கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயிலா, பாத்திலா?" என்று கேட்கும். எப்பவும் பாத். ரூபாயை அழுத்தினா, மாற்று விகிதத்தை அந்தக் கடையோட வங்கி தன் இஷ்டத்துக்கு வைக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

மூணு நாள், சுத்திப் பார்க்க

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரெயில் லிங்க் பிடிச்சா, கடைசி ஸ்டேஷனான பயா தாய் வரை 45 பாத். அங்கே பிடிஎஸ் ரயிலுக்கு மாறிக்கலாம். லக்கேஜோட மூணு நாலு பேர் இருந்தா மீட்டர் டாக்ஸியே லாபம். மீட்டருக்கு மேல் ஏர்போர்ட் கட்டணம் 50 பாத், டோல் தனி. "மீட்டர் வேண்டாம், ஃபிக்ஸட் ரேட்" என்றால் இறங்கிடுங்க. ஊருக்குள் கிராப், போல்ட் ஆப்கள் இருக்கு.

முதல் நாள் ஆற்றங்கரை. பிடிஎஸ் சபான் தக்சின் ஸ்டேஷனுக்குக் கீழேயே சாதோர்ன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி படகில் சுமார் 16 பாத்தில் சாவ் பிரயா ஆற்றைப் பார்த்துக்கிட்டே அரண்மனை வரை போயிடலாம். இதே ஆற்றைக் காட்ட டூரிஸ்ட் படகுகள் பல மடங்கு வாங்கும்.

கிராண்ட் பேலஸ் காலை 8.30-க்குத் திறக்கும், டிக்கெட் மதியம் 3.30 வரை. கட்டணம் 500 பாத். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், இல்லைன்னா வாசலில் புது பேன்ட் வாங்கும் செலவு. உள்ளே மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபத்தில் 178 சுவரோவியங்களில் தாய் ராமாயணமான ராமகியன் முழுக்க வரைஞ்சிருக்காங்க. கதை நமக்குத் தெரியும் என்பதால் கைடு இல்லாமலே ரசிக்கலாம்.

பக்கத்திலேயே வாட் போ, 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர், 300 பாத். ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்தா வாட் அருண், 200 பாத். ஆக ஊரின் மூணு பெரிய இடங்களுக்கும் சேர்த்து 1,000 பாத், நம்ம கணக்கில் ₹3,000.

அரண்மனை வாசலில் ஒரு பழைய ஏமாற்று உண்டு. நல்லா டிரஸ் பண்ணின ஒருத்தர் வந்து, "இன்னைக்கு அரண்மனை லீவு, வேற கோயில் காட்டுறேன், டுக் டுக்குக்கு 20 பாத் போதும்" என்பார். வண்டி கடைசியில் நிற்கும் இடம் ஒரு ரத்தினக் கடை. "ஊருக்குக் கொண்டுபோனா டபுள் விலைக்கு விற்கலாம்" என்று பேசுவாங்க. யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுன்டர் வரை நடந்து போய்ப் பாருங்க. முதலீடு என்று யாராவது சொல்லி விற்கும் கல்லை டூரில் வாங்கவே வாங்காதீங்க.

இரண்டாம் நாள் சைனா டவுன். வாட் திரைமித் கோயிலில் சுமார் 5.5 டன் எடையுள்ள தங்க புத்தர் இருக்கார். பல காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைஞ்சிருந்து, 1955-ல் சிலையை இடம் மாற்றும்போது பூச்சு உடைஞ்சுதான் தங்கம் என்றே தெரிஞ்சது. சாயங்காலம் யாவோராட் தெருவில் சாப்பாட்டுக் கடைகள். நடுவில் சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலையும் பார்த்துடலாம். இன்னைக்கு அங்கே வரிசையில் நிற்பவங்களில் தாய் மக்கள் நிறைய. நேரம் மிச்சம் இருந்தா லும்பினி பார்க், இலவசம். குளக்கரையில் பெரிய பெரிய நீர் உடும்புகள் சாவகாசமா நடந்து போகும்.

மூன்றாம் நாளை ஷாப்பிங்குக்கு ஒதுக்குங்க. கடைசி நாளில் வச்சாதான் கையில் மிச்சம் எவ்வளவுன்னு தெரியும். அந்த நாள் சனி அல்லது ஞாயிறா வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க, ஏன்னா சதுசாக் சந்தை முழுசா இயங்குவது வார இறுதியில்தான்.

எங்கே என்ன வாங்கலாம்?

சதுசாக்: கைவினைப் பொருள், வீட்டு அலங்காரம், டி-ஷர்ட். எம்ஆர்டி காம்பேங் பெட் ஸ்டேஷனில் இறங்கினா சந்தைக்குள்ளேயே ஏறலாம். பேரம் உண்டு, சிரிச்சுக்கிட்டே பேசுங்க. பிடிச்ச கடையின் பிரிவு எண்ணை போட்டோ எடுத்துக்கோங்க, திரும்பிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

பிரதூனாம், பிளாட்டினம் மால்: துணி. ஒரே கடையில் மூணு எடுத்தா பல கடைகளில் ஹோல்சேல் ரேட் கிடைக்கும். நண்பர்கள் சேர்ந்து எடுங்க.

பிக் சி சூப்பர் மார்க்கெட்: ஆபீஸுக்கும் வீட்டுக்கும் வாங்கும் உலர் மாம்பழம், ஸ்நாக்ஸ், தைலம், டாம் யம் மசாலா எல்லாம் இங்கே. விலை ஒட்டியிருக்கும், பேரம் பேசும் தொல்லை இல்லை.

ஐகான்சியாம், சியாம் பாராகன்: பார்க்க அருமை. பிராண்ட் பொருள் நம்ம ஊரில் சேல் சமயத்தில் கிடைக்கும் விலைக்கே இருக்கும், சில சமயம் கூடவும் இருக்கும். கண்ணால பார்த்துட்டு வாங்க.

வாட் ரீஃபண்ட்: உண்மையில் எவ்வளவு?

தாய்லாந்தில் வாட் 7%. ரீஃபண்ட் போர்டு வச்ச கடையில், ஒரே நாளில் குறைஞ்சது 2,000 பாத்துக்கு வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி ஃபாரம் வாங்கணும். ஏர்போர்ட்டில் பெட்டியை செக்-இன் பண்ணும் முன், கஸ்டம்ஸ் முத்திரை தேவையான்னு கேட்டுக்கோங்க. பொருளைக் காட்டச் சொன்னா, பெட்டி போயிட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இப்ப கணக்கைப் பாருங்க. 10,000 பாத்துக்கு ஒரு பொருள், அதாவது ₹30,000. விலைக்குள்ளேயே வாட் இருப்பதால், உள்ளே இருக்கும் வரி 654 பாத், சுமார் ₹1,960. கட்டணம் பிடிச்சது போக கைக்கு வருவது அதிலும் குறைவு. இதை 3.5% மார்க்-அப் உள்ள கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தா ₹1,050, அதன் மேல் 18% ஜிஎஸ்டி ₹189, மொத்தம் ₹1,239 போயிடும். ஆக ரீஃபண்டில் பாதிக்கு மேல் கார்டே தின்னுடுச்சு. போன், லேப்டாப் வாங்க நினைக்கிறவங்க இந்தத் தொகையைக் கூட்டிக் கழிச்சு, நம்ம ஊரில் பேங்க் ஆஃபரோட வரும் விலையைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க. வாரன்டி இந்தியாவில் செல்லுமான்னும் கேளுங்க.

ஊர் திரும்பும்போது

விமானத்தில் வரும் இந்தியர்களுக்கான வரியில்லா வரம்பு 2026 பிப்ரவரியில் ₹50,000-லிருந்து ₹75,000 ஆச்சு. இது தலைக்குத் தனித்தனி. இருவர் வரம்பைச் சேர்த்து ஒரு பொருளுக்குக் காட்ட முடியாது. தங்க நகைக்கான தனிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவங்களுக்குத்தான். மூணு நாள் டூரில் போய் நகை வாங்கினா அந்தச் சலுகை கிடையாது.

மூணு பொருளைத் தொடவே தொடாதீங்க. வேப், தாய்லாந்திலும் இந்தியாவிலும் தடை. கஞ்சா கலந்த மிட்டாய், எண்ணெய் எதுவானாலும் இந்தியாவுக்குள் கொண்டுவந்தா போதைப்பொருள் வழக்கு, வேலையே போயிடும். புத்தர் சிலைகளை வெளியே எடுத்துவர அவங்க நுண்கலைத் துறை அனுமதி வேணும்.

பெட்டி எடையையும் மறக்காதீங்க. கூடுதல் கிலோவை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்குறது மலிவு. கவுன்டரில் நின்னு கட்டினா, பிளாட்டினத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்கேயே போயிடும்.

டூருக்கு கடன் வாங்கலாமா?

₹1 லட்சத்தை 14% பர்சனல் லோனில் ஒரு வருஷத்துக்கு எடுத்தா இஎம்ஐ சுமார் ₹8,980, மொத்த வட்டி ₹7,700-க்கு மேல். மேலே பார்த்த மூணு டிக்கெட்டையும் இரண்டு பேருக்கு வாங்கினாலும் மிச்சம் இருக்கும் தொகை அது. அதுக்குப் பதில், மாசம் ₹15,000 வீதம் ஆறு மாசம் ஆர்டி போட்டா ₹90,000 கையில், வட்டியும் நமக்கு. ஆறு மாசம் தள்ளிப் போனா என்ன, வாட் அருண் அங்கேயேதான் இருக்கும்.

கிளம்பும் முன் போன் நோட்ஸில் மூணு தொகையை எழுதிக்கோங்க: சுத்திப் பார்க்க, சாப்பாடு-போக்குவரத்து, ஷாப்பிங். மூணாவது தொகையை மட்டும் தனி கவரில் கேஷா வச்சுக்கோங்க. கவர் காலியானா ஷாப்பிங் முடிஞ்சது. உங்க பட்ஜெட்டை கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவில் சிலதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்லபடியா போயிட்டு வாங்க!