மின்சாரத்துக்கும் உண்டு பூட்டு!

குழந்தைகளே! திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பிரியாணி என்று சிலர் சொல்வீர்கள். தப்பில்லை! ஆனால், பெரியவர்களைக் கேட்டால் 'பூட்டு' என்பார்கள். 2019-ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே ஆண்டு, நம் தமிழ்நாட்டில் வேறொரு பூட்டுக்குச் சோதனை வந்தது. அது கண்ணுக்குத் தெரியாத பூட்டு.

திருநெல்வேலி மாவட்டம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே தலா 1,000 மெகாவாட் திறனுள்ள 2 உலைகள் இயங்கி வந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' அமைப்பு ஓர் எச்சரிக்கை கொடுத்தது. இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்துவிட்டதாம்! செய்தி வெளியே பரவியபோது, அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. (முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.)

நல்லவேளை, அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த கணினி. உலையை இயக்கும் கணினிகள் தனியே இருந்தன. திண்ணைக்கு வந்த திருடன், நெல் இருக்கும் அறையைத் தேடுகிறான். திண்ணையிலிருந்து அந்த அறைக்குக் கதவே கிடையாது என்றால் என்ன செய்வான்? அப்படித்தான். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

'அப்படியானால் எல்லாக் கணினிகளையும் இப்படித் தனியாக வைத்துவிடலாமே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஆனால், மின்சாரத்தை நெல்லைப் போல மூட்டை கட்டிக் குவித்து வைக்க முடியாதே. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவையும் அந்தந்த நொடியே தயாரிக்க வேண்டும். காலையில் நம் பக்கத்துத் தோட்டங்களில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கும், நூற்பாலைகளும் ஓடும். எங்கோ ஓரிடத்தில் உற்பத்தி அதற்கேற்பக் கூட வேண்டும். இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் தடுமாறும். இதைச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் இரவு பகலாகக் கவனிக்கின்றன. தொலைவில் உள்ள துணை மின் நிலையங்களின் தகவல் அவர்களுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். தகவல் வர ஒரு வழி வேண்டும் அல்லவா? வழி இருந்தால் பூட்டும் வேண்டும்.

பூட்டு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உக்ரைன் நாடு பார்த்துவிட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23. நல்ல குளிர்காலம். பிற்பகல் நேரம். கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஓர் ஊழியரின் கணினித் திரையில், சுட்டிக்குறி தானாக நகர்ந்தது! அவர் மவுசைத் தொடவே இல்லை. கண்ணெதிரே ஒவ்வொரு துணை மின் நிலையமாக அணைந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. புகார் சொல்ல மக்கள் தொலைபேசியில் கூப்பிட்டால், அங்கும் பொய் அழைப்புகளை அனுப்பி இணைப்பை அடைத்திருந்தார்கள்.

திருடர்கள் அன்றைக்கு வந்தவர்கள் அல்லர். பல மாதங்களுக்கு முன்பே, அலுவலக ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு அனுப்பினார்கள். யாரோ அதை நம்பித் திறந்தார்கள். அவ்வளவுதான்! உள்ளே பதுங்கியிருந்து, கட்டுப்பாட்டு அறைக்கான கடவுச்சொற்களைத் திருடினார்கள். வங்கியிலிருந்து அப்பாவின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வருமே, அதுபோல இரண்டாவது சாவி கேட்கும் ஏற்பாடு அங்கே இல்லை. திருடிய ஒரு சாவியே போதுமானதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, இன்று மாலை மின்சாரம் நின்றதும் 'ஹேக்கர் வந்துட்டான்!' என்று கத்தாதீர்கள். கம்பியில் விழுந்த மரக்கிளையாக இருக்கலாம், அணிலாகவும் இருக்கலாம்.

சரி, உக்ரைனில் விளக்கு எப்படித் திரும்ப எரிந்தது? கணினியை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின் நிலையங்களுக்கே போனார்கள். அங்கிருந்த சுவிட்சுகளைக் கையால் இயக்கினார்கள். 6 மணி நேரத்துக்குள் எல்லா ஊருக்கும் மின்சாரம் வந்துவிட்டது. கெட்டுப்போன கணினிகளைச் சரிசெய்யத்தான் மாதக்கணக்கில் ஆனது. அதுவரை அந்தக் கைச்சுவிட்சுகள்தான் அவர்களுக்கு உதவின.