காரைநகரின் நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கோரத்தே, ஆழமற்ற கடலாற் பிரிக்கப்பட்டும் பொன்னாலைப் பாலத்தால் இணைக்கப்பட்டும் கிடப்பது நமது காரைநகர். காரைதீவு என வழங்கிய இவ்வூர், கிழக்கிலங்கைக் காரைதீவோடு மயங்காதிருத்தற்பொருட்டு 1920களில் இப்பெயர் பெற்றது. தெற்கே கடற்கோட்டைக்கு அப்பால் ஊர்காவற்றுறை, வடக்கே கசூரினாக் கடற்கரை, கோவளத்திலே வெளிச்சவீடு. பரப்பு ஏறத்தாழ 22 சதுர கிலோமீற்றர். மலையுமில்லை, ஆறுமில்லை.

ஆறில்லாத ஊருக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? வானத்திலிருந்தே வருகின்றது. குடாநாட்டுப் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரி 50 அங்குலமளவில் மழை பெய்யுமாயினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த நீர் மணலினூடும் சுண்ணக்கல் வெடிப்புகளினூடும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். உவர்நீரினும் நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பதடிவரை நன்னீர் நிற்கும் என்பது நிலநூலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் நாற்பதடி ஏறும் என்பதும் அக்கணக்கின் மறுபக்கமே. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரமோ அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஒரு முறை சவரான கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக மாறுவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

ஆகவே நெல் ஒரு போகமே. அதுவும் வானம் பார்த்த பயிர். மொட்டைக்கறுப்பன் விதைத்த வயல்களின் உயர்ந்த வரம்புகள், நெல்லுக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. மழைநீர் கடலுக்கு ஓடாமல் வயலிலே நின்று சுவறவும் அவையே வழிசெய்தன. வயலுக்கு அடுத்தபடி பனை. ஒடியலும் பனாட்டும் எத்தனையோ குடும்பங்களின் கோடைகாலத்தைக் கடத்தின. கரையோரத்தார்க்குக் கடல் சோறிட்டது. நோர்வே நாட்டவர் உதவியால் எழுந்த சீநோர் நிறுவனத்தின் படகு கட்டும் தளம், போருக்கு முன் இங்கு பலருக்குத் தொழில் தந்தது.

ஆயினும் இவையெல்லாம் சேர்ந்தும் ஊர் முழுவதற்கும் போதவில்லை. போதாமையே நம்மவரை வெளியே அனுப்பியது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் காரைநகரார் கடைகள் பெருகின. மலாயாவில் அரசாங்க அலுவலகங்களிலும் புகையிரதப் பகுதியிலும் நம்மவர் எழுத்தராயினர். 1888இல் தோன்றிய நமது கல்லூரியிற் கற்ற ஆங்கிலமும் கணக்கும், இவ்வூர் விளைத்த பயிர்களுள் ஏற்றுமதிக்கு மிக ஏற்றதாக அமைந்தன என்றால் மிகையன்று. வெளியே ஈட்டிய பொருளே இங்கு கல்வீடாகவும் கோயில் மதிலாகவும் நின்றது.

அப்பொருளாதாரத்தின் வேர் ஊருக்கு வெளியே இருந்தமையால், அடியும் அங்கேயே விழுந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் எரிந்தபோது நம்மூர் அடுப்புகளும் அணைந்தன. 1991இல் ஊரே இடம்பெயர்ந்தது. 1996 முதல் மக்கள் சிறிது சிறிதாக மீண்டனர், மீளாதோர் பலர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கு வாழ்ந்தோர் பதினாயிரவருக்கும் குறைவு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த நம் பிள்ளைகள் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரம் வந்து திரும்புகின்றனர்.

ஆட்கள் குறைந்தால் நீராவது மிகுந்திருக்க வேண்டுமே எனச் சிலர் வினவுவர். அங்ஙனம் நிகழவில்லை. விதைப்பாரின்றிக் கிடந்த வயல்களில் வரம்புகள் சிதைந்தன. கேணிகளும் குளங்களும் தூர்ந்தன. மாரி வெள்ளம் தடையின்றிக் கடலைச் சேர்ந்தது. கோடையிற் பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்பதைக் காண்கின்றோம். குடிநீருக்கு வண்டியை நம்பியிருக்கும் ஊரில் இளங்குடும்பம் ஒன்று நிலைத்துக் குடியிருக்கத் துணியுமா?

வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் கோபுரத் திருப்பணிக்கு மனமுவந்து கொடுக்கின்றனர், நல்லதே. அக்கோயிலின் கேணியைக் குறித்துக் கேட்போரோ சிலரே. குளத்தைத் தூரெடுக்கவும் வரம்பைக் கட்டவும் பெருந்தொகை வேண்டுவதில்லை. ஆனால் காலம் அறிந்து செய்தல் வேண்டும். ஆவணி கழிவதற்குள் தூரெடுத்து, புரட்டாதியில் வரம்பு உயர்த்தினாற்றான் ஐப்பசி மழை நிலத்தில் தங்கும்.