தொட்டிலும் பென்சிற்கரியும்

வீட்டில் எழுதப் பழகும் பிள்ளையின் கையிலுள்ள பென்சிலை ஒரு கணம் வாங்கிப் பாருங்கள். மரக் கூட்டினுள்ளே கரிய கோடாகத் தோன்றும் பொருள், பென்சிற்கரியும் களிமண்ணும் கலந்து சுட்டெடுக்கப்பட்டதாகும். பென்சிற்கரி நம் நாட்டினருக்குப் புதியதன்று. போகல, கஹட்டகஹ முதலிய இடங்களின் சுரங்கங்களிலே, பாறைப் பிளவுகளினூடே நரம்புபோல் ஓடிக் கிடக்கும் இக்கனியம் தன் தூய்மையினால் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. தொட்டால் விரலைக் கறுப்பாக்கும் இந்தக் கரியையும் அதன் இனப் பொருள்களையும் ஆராய்வதிலேயே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைச் செலவிட்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை இவ்வாரம் எமது வாசகர் முன் வைக்கின்றோம்.

அவர் பெயர் மில்றெட் டிறெசெல்ஹோஸ். அமெரிக்காவிலுள்ள மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியராக விளங்கியவர். விஞ்ஞானிகள் அவரைக் 'காபன் அரசி' என்று அன்புடன் அழைத்தனர். நான்கு பிள்ளைகளின் தாயான அவர், எவரும் அதிகம் நாடாத பென்சிற்கரியை ஏன் தமது துறையாக ஏற்றார்? இக்கேள்விக்குரிய விடை ஆய்வுகூடத்தில் மாத்திரமன்றி, அவர் வீட்டுத் தொட்டிலிலும் இருந்தது. அதுவே எம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வறுமையும் வயலினும்

1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி நியூயோர்க் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர்கள். உலகெங்கும் தொழில் முடங்கிக் கிடந்த காலம் அது. நகரின் ஏழைகள் நிறைந்த பகுதியொன்றில் குடும்பம் வாழ்ந்தது. ஆயினும் வயலின் வாத்தியத்தில் அவருக்கும் தமையனாருக்கும் இருந்த திறமை, இசைப் பள்ளியொன்றில் இலவசமாகக் கற்கும் வாய்ப்பைத் தேடித் தந்தது. அங்கே வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு பழகிய போதுதான், தாம் படிக்கும் பாடசாலையினும் மேலான பாடசாலைகள் நகரில் உள்ளன என்பதை அச்சிறுமி அறிந்துகொண்டார்.

ஹன்ரர் கல்லூரியைச் சார்ந்த பெண்கள் உயர்தரப் பாடசாலை அவற்றுள் ஒன்று. அதிற் சேர நுழைவுப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டும். வழிகாட்டுவார் எவருமிலர். பழைய வினாத்தாள்களைத் தேடிப் பெற்றுத் தாமாகவே படித்துத் தேறினார். பின்னர் ஹன்ரர் கல்லூரியிற் பயின்ற காலத்தில், பள்ளி ஆசிரியை ஆவதே அவருடைய நோக்கமாக இருந்தது. படித்த பெண்ணுக்கு ஆசிரியத் தொழில், தாதித் தொழில், காரியாலயத்தில் தட்டெழுத்து என்பனவே வழிகள் என்று எண்ணப்பட்ட காலமல்லவா?

அந்த எண்ணத்தை மாற்றியவர் அங்கு பௌதிகம் கற்பித்த இளம் ஆசிரியை ரோசலின் யாலோ. மாணவியின் திறமையைக் கண்ட அவர், பௌதிக ஆராய்ச்சியே உனக்குரிய பாதை என வற்புறுத்தினார். அவ்வாறு கூறிய ஆசிரியையே 1977இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

1951இல் பட்டம் பெற்ற மில்றெட், புல்பிறைற் உதவிப் பணத்துடன் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜுக்குச் சென்றார். மீண்டுவந்து 1953இல் றட்கிளிவ் கல்லூரியில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்பு சிக்காக்கோ சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே காலை வேளைகளில் சர்வகலாசாலைக்கு நடந்து செல்லும்போது, மேதை என்றிக்கோ பேர்மியுடன் உரையாடும் பேறு அவருக்குக் கிட்டியது. ஆனால் அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை செய்ய வேண்டிய பேராசிரியரோ, பெண்கள் இத்துறைக்கு வருவதையே விரும்பாதவர். எனவே அம்மாணவி, யுத்த காலத்தில் மிஞ்சிய கருவிகளைச் சேர்த்துத் தாமே உபகரணம் அமைத்து, பெரும்பாலும் தனித்தே உழைத்து, 1958இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஜீன் டிறெசெல்ஹோஸ் என்னும் பௌதிக அறிஞரை மணந்தார்.

அரை மணித்தியாலத்தின் விலை

கணவர் கோர்னெல் சர்வகலாசாலையில் விரிவுரையாளராக இருந்தார். கணவனும் மனைவியும் ஓரிடத்தில் வேலை பார்ப்பதை அங்குள்ள விதி அனுமதிக்கவில்லை. இருவருக்கும் ஒருங்கே இடமளித்தது மசாச்சூசெற்ஸ் நிறுவகத்தைச் சார்ந்த லிங்கன் ஆய்வுகூடம். 1960இல் அங்கே சேர்ந்தனர்.

ஆய்வுகூடத்தில் வேலை காலை 8 மணிக்கு ஆரம்பம். 1959ஆம் ஆண்டுக்கும் 1964ஆம் ஆண்டுக்கும் இடையில் அம்மையாருக்கு நான்கு மக்கள் பிறந்தனர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாது வீட்டுக்கு வந்த பின்னரே அவர் புறப்பட முடியும். எவ்வளவு விரைந்தாலும் 8.30 மணிக்கு முன் போய்ச் சேர இயலவில்லை. அந்த அரை மணித்தியாலத் தாமதத்தைச் சிலர் பெருங் குற்றமாகப் பேசினர். அவர் எழுதிய ஆய்வுரைகளைக் காட்டிலும் அவர் வாசலில் நுழையும் நேரமே அவர்களுடைய கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது போலும்!

இந்த இடத்திலேதான் பென்சிற்கரி கதையில் நுழைகின்றது. செம்புக் கம்பியில் மின் இலகுவாகப் பாய்கின்றது, பீங்கானிற் பாய்வதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, நாம் வேண்டியவாறு மின்னைக் கடத்தியும் தடுத்தும் உதவும் பொருள்களே குறைகடத்திகள். 1947இல் திரான்சிற்றர் பிறந்த பின் சிலிக்கன், ஜேர்மானியம் என்னும் குறைகடத்திகளை ஆராய உலகமே போட்டியிட்டது. காபனின் ஒரு வடிவமான பென்சிற்கரியை நாடியோர் மிகச் சிலர். அது கடினமான பொருள், பயனும் குறைவு என்பது பலருடைய கருத்து.

அம்மையார் அதனையே தேர்ந்தார். போட்டி மிகுந்த துறையில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் வீட்டில் நின்றால், மற்றொருவர் முந்திவிடுவார். எவரும் நாடாத துறையிலோ, விட்ட இடத்தில் விட்டபடியே வேலை காத்திருக்கும். இதனை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமற் கூறியுள்ளார். தாய்மை அவருடைய ஆராய்ச்சிக்கு இடையூறாகும் என்று பலர் எண்ணியிருக்க, அத்தாய்மையே அவரை வேறெவரும் காணாத ஒரு வயலுக்குள் இட்டுச் சென்றது.

ஒளியும் காந்தமும்

பென்சிற்கரியில் காபன் அணுக்கள் தேன்கூட்டு அறைகள்போல் ஆறு மூலைகளாக இணைந்து தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. தட்டின் வழியே இலத்திரன்கள் இலகுவாக ஓடும். ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்குத் தாவுவது அரிது. தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதாலேயே பென்சில் தாளில் எழுதுகின்றது. வலிமைமிக்க காந்தப் புலத்தில் பென்சிற்கரியை வைத்து, அதன்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளி புலத்துக்கேற்ப எவ்வாறு மாறுகின்றதென அளந்து, உள்ளே ஓடும் இலத்திரன்களின் சக்தி நிலைகளை அம்மையாரும் தோழர்களும் கணித்தனர்.

1968இல் ஒரு வியப்பு நேர்ந்தது. வாயு லேசரை ஆக்கியோருள் ஒருவரான அலி ஜவானும் மாணவரொருவரும் துணை நிற்க, லேசர் ஒளியால் அதே பரிசோதனையை நுட்பமாக நடாத்தினர். இலத்திரன்கள் இருப்பதாக அதுவரை கருதப்பட்ட இடத்தில் இலத்திரனற்ற வெற்றிடங்களும், வெற்றிடங்கள் இருப்பதாகக் கருதப்பட்ட இடத்தில் இலத்திரன்களும் இருக்கக் காணப்பட்டன! பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர் நம்பி வந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியதாயிற்று.

1967இல் றொக்பெல்லர் குடும்பத்தைச் சேர்ந்த பெருமாட்டி ஒருவரின் பெயரால் அமைந்த நிதியுதவியுடன் மசாச்சூசெற்ஸ் நிறுவகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தது. மறு ஆண்டே நிரந்தரப் பேராசிரியரானார். அந்நிறுவகத்தின் பொறியியற் பிரிவில் நிரந்தரப் பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே. 8.30க்கு வந்தவர் என்று குறை கூறப்பட்டவருக்கு, காலம் அளித்த பதில் இதுவெனக் கொள்ளலாம்.

பாய் சுருட்டும் கணக்கு

1985இல் 60 காபன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறு கண்டறியப்பட்டது. 1991இல் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா, பென்சிற்கரித் தட்டுகள் சுருண்டு நுண்ணிய குழாய்களாகத் தோன்றுவதை எடுத்துக் காட்டினார். இவற்றை நனோ குழாய்கள் என்பர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூறே நனோமீற்றர். ஒற்றைச் சுவருடைய குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் அளவினதே.

மூன்று தசாப்தங்களாகக் காபனோடு பழகிய அம்மையாருக்கு இது சொந்த ஊருக்குத் திரும்பியதுபோல் இருந்திருக்க வேண்டும். 1992இல் அவரும் கணவரும் யப்பானிய நண்பர்களும் கூடிக் கணக்கிட்டு ஒரு முடிவை வெளியிட்டனர். வேறு இரு குழுவினரும் அதே காலத்தில் அதே முடிவைத் தனித்தனியே கண்டனர். கோலம் போட்ட பாயொன்றை எண்ணிப் பாருங்கள். நேராகச் சுருட்டினால் கோலம் ஒருவாறு பொருந்தும். சற்றுச் சரித்துச் சுருட்டினால் வேறுவாறு பொருந்தும். காபன் தட்டும் அவ்வாறே. சுருளும் கோணமும் விட்டமும் மாறினால், அதே காபன் ஒருகால் உலோகம் போல் மின்னைக் கடத்தும், ஒருகால் குறைகடத்தியாகும். எல்லா வகைகளையும் எண்ணினால் மூன்றிலொரு பங்கு முன்னது, மூன்றிலிரு பங்கு பின்னது. வேறெந்தப் பொருளையும் கலக்காமல், வடிவம் ஒன்றினாலேயே குணம் மாறும் என்பது நம்புதற்கரியதாக இருந்தது. 1998இல் தனித்த குழாய்களைத் தொட்டறியும் நுண்கருவிகளால் அது மெய்ப்பிக்கப்பட்டது.

ஏணியை விட்டுச் சென்றவர்

தாம் ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை. மசாச்சூசெற்ஸ் நிறுவகத்திற் பெண்களைச் சேர்ப்பதற்கு ஆண்களைக் காட்டிலும் கடுமையான அளவுகோல் இருந்ததைக் கண்டு, எமிலி விக் என்னும் பேராசிரியையுடன் சேர்ந்து வாதாடி, இருபாலாருக்கும் ஒரே அளவுகோல் ஏற்பட வழி செய்தார். மாணவிகளைக் கூட்டி வைத்து அவர்களுடைய குறைகளைக் கேட்டார். ரோசலின் யாலோ தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார்.

1985இல் நிறுவகத்தின் அதியுயர் பேராசிரியர் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கே, வழங்கப்பட்டது. 2012இல் நனோ விஞ்ஞானத்துக்கான கவ்லி பரிசும், 2014இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் கிடைத்தன. எண்பது வயதைக் கடந்த பின்னும் அலுவலகத்துக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி, தமது 86ஆவது வயதிற் காலமானார். 2019இல், அவர் பணியாற்றிய அதே நிறுவகத்தின் ஆராய்ச்சியாளர், 14,000க்கு மேற்பட்ட நனோகுழாய்த் திரான்சிற்றர்களைக் கொண்ட கணிப்பொறி மூளையொன்றை இயங்கச் செய்தனர்.

இவ்வரலாற்றைக் கூறி, எந்தத் தாயும் முயன்றால் இவ்வாறாகலாம் என்று நாம் எளிதிற் சொல்லிவிட மாட்டோம். அம்மையாருக்கு ஆராய்ச்சியிலும் இல்லறத்திலும் தோள் கொடுத்த கணவர் வாய்த்தார். பல்லாண்டு காலம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் போற் பார்த்த ஒரு மாது வாய்த்தார். முன்னே நின்று கைகாட்டிய ஓர் ஆசிரியை வாய்த்தார். இவர்களுள் ஒருவர் இல்லாதிருப்பின் அந்தத் திறமை எங்கே போயிருக்கும் என்று எண்ணும்போது மனம் நடுங்குகின்றது.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அரை மணித்தியாலம் பிந்தி ஓடி வரும் பெண்கள் பலருளர். அவர்கள் வாசலில் நுழையும்போது மணிக்கூட்டைப் பார்ப்பவர், அவர்களுடைய கைகளில் இருக்கும் வேலையையும் ஒருமுறை பார்த்தல் நன்று.